புதுப்பிப்பு: தங்கப் படலத்தில் பிளாஸ்மான் வரிகள் தெரிந்துவிட்டன

போன மாதம் கேட்டிருந்தேன்: பள்ளக்கோடு வெட்டிய தங்கப் படலத்தை 800 நானோமீட்டர் ஃபெம்டோநொடி லேசரில் (மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளிர்வது) ஒளியெலக்ட்ரான் நுண்ணோக்கி (ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களைக் கொண்டு படமெடுக்கும் கருவி) வழியே பார்த்தால், அங்கங்கே பளீரென்ற புள்ளிகள் மட்டுமே தெரிகின்றன, பிளாஸ்மான் அலையை (ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஆடி உலோகப் பரப்பில் ஓடும் அலை) காணோம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லேசர் சக்தியைக் குறைத்தேன். படம் கொஞ்சம் கூர்மையானது, அவ்வளவுதான். வேலை செய்தது, பதில்களில் வந்த இன்னொரு யோசனை: படலத்தின் மேல் சீசியம் என்ற உலோகத்தைப் பூசுவது. தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரானை வெளியே கொண்டுவரத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) இருப்பதோ 1.55. நான்கு ஃபோட்டான்கள் சேர்ந்தால்தான் எலக்ட்ரான் வெளியே வரும், அதனால் கரடுமுரடான இடங்களே படத்தை விழுங்கிவிட்டன. சீசியத்தை மெல்லியதாகப் படியவைத்ததும் வெளியேற்று ஆற்றல் 3.1-க்குக் கீழே இறங்கி, இரண்டு ஃபோட்டான்களே போதுமானதாகிவிட்டன. பள்ளத்திலிருந்து வரிகள் அழகாகக் கிளம்பின.

அப்புறம் ஒரு குழப்பம். வரிகளுக்கு இடையே ஏறக்குறைய 7 மைக்ரோமீட்டர்! பிளாஸ்மான் அலைநீளம் 0.78-தானே? உருப்பெருக்க அளவீடு தப்போ என்று ஒரு நாளை வீணடித்தேன். உண்மையில் நாம் பார்ப்பது பிளாஸ்மானும் விழும் ஒளியும் சேர்ந்து உண்டாக்கும் விம்மல் (இரண்டு அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் உண்டாக்கும் நீண்ட ஏற்ற இறக்கம்). என் படுகோணம் (செங்குத்திலிருந்து அளந்த, ஒளி விழும் கோணம்) 65 பாகை; ஒளியும் மேற்பரப்பில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடுவதால் இடைவெளி நீண்டுவிடுகிறது. கணக்குப் போட்டால் 6.9 வருகிறது, சரி.

இரண்டு லேசர் துடிப்புகளுக்கு இடையேயான காலத்தாமதத்தைப் படிப்படியாக நகர்த்துபவர்கள் கவனிக்க: ஓர் ஒளி அலைவு 2.67 ஃபெம்டோநொடிதான், படி அதைவிட நன்றாகச் சிறிதாக இருக்கட்டும். சீசியப் பூச்சு நாள்பட நிற்காது. மறுநாள் திரும்பப் பூச வேண்டியிருந்தது.