‘கேஸ் கஸ்லர்’: அச்சில் ஏற்றக்கூடிய தமிழ்ச் சொல் உண்டா?

வரிக்குவரி எழுதியது:

வணக்கம். மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. அமெரிக்கக் கார்களைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரை இப்போது கையில் இருக்கிறது. அதில் பதினான்கு இடங்களில் ‘கேஸ் கஸ்லர்’ வருகிறது. முதலில் ‘எரிபொருளை அளவுக்கு மீறிச் செலவழிக்கும் வாகனம்’ என்று எழுதினேன். ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பதினான்கு முறை வந்தால், திட்ட வேண்டிய இடத்தில் விண்ணப்பம் எழுதுவது போல இருக்கிறது.

திருத்துபவர் அதை அடித்துவிட்டு ‘வாயு விழுங்கி’ என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். வயிற்று உப்புசத்துக்குச் சூரணம் விற்கும் விளம்பரம் போல இருக்கிறதா, இல்லையா? நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ‘கேஸ் என்றால் வாயுதானே’ என்கிறார்.

கேலியும் போகக் கூடாது, அச்சிலும் கூசக் கூடாது. என்ன எழுதலாம்? அதிகம் உறுத்துகிற வாக்கியம் இது: “லிட்டருக்கு 8 கிலோமீட்டர்கூடக் கொடுக்காத வாகனங்களுக்கு அமெரிக்க அரசு கேஸ் கஸ்லர் வரி விதிக்கிறது.” மூலத்தில் கேலனுக்கு 22.5 மைல் என்று இருந்தது. கிலோமீட்டருக்கு மாற்றியது நான்.

சொல்லாடி எழுதியது:

உங்கள் திருத்துநரிடம் சொல்லுங்கள்: அங்கே ‘கேஸ்’ என்பது கேசலின் என்பதன் சுருக்கம், அதாவது பெட்ரோல். ‘கஸ்ல்’ என்றால் மூச்சு விடாமல் மடக்மடக்கென்று குடிப்பது. ‘பெட்ரோல் விழுங்கி’ போதும்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

முப்பது ஆண்டுகள் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். இலக்கணம் எனக்குத் தெரியாது, ஆனால் பட்டறையில் எவரும் ‘விழுங்குகிறது’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘வண்டி பெட்ரோல் குடிக்கிறது’ என்போம். எச்சரிக்கை ஒன்று: ‘ஆயில் குடிக்கிறது’ என்றால் அது வேறு வியாதி. பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் எரிகிறது, பின்னால் நீலப் புகை வருகிறது என்று பொருள். எனவே ‘எண்ணெய்’ என்ற சொல்லைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்து, வழக்கமான மைலேஜில் பாதிதான் கிடைக்கிறது என்று புலம்பினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக எரியும் எஞ்சினில் அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். இதுவோ விளக்கின் திரி போலக் கறுத்திருந்தது. தொட்டால் விரலில் கரி. கார்புரேட்டரில் சோக் மூடியபடியே சிக்கிக்கொண்டு, காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாகப் போயிருக்கிறது. வளைந்த கம்பி ஒன்றை நேராக்கினேன், குணமாகிவிட்டது.

இந்தக் காரைக் கேஸ் கஸ்லர் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பெயர், உடம்பில் ஒரு குறையும் இல்லாமலே குடிக்கிற வண்டிக்கு. 1976ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோவில் எஞ்சின் 8.2 லிட்டர், காரின் எடை இரண்டு டன்னுக்கு மேல். சிக்னலில் சும்மா நிற்கும்போதும் எட்டு சிலிண்டருக்கும் தீனி போட வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதேதான். என் ஓட்டு ‘குடிகார வண்டி’க்கு.

கணக்குப்புலி எழுதியது:

‘குடிகார வண்டி’ என்று போட்டால், ஓட்டியவர் போதையில் இருந்தார் என்றுதான் வாசகர் நினைப்பார், ஸ்பேனர் ஐயா.

வரிக்குவரி, உங்கள் வாக்கியத்தில் சொல்லைவிடப் பெரிய தவறுகள் இரண்டு இருக்கின்றன. நீங்கள் பிரிட்டிஷ் கேலனை வைத்து வகுத்திருக்கிறீர்கள். அது 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான். 22.5 மைல் என்பது 36.2 கிலோமீட்டர். வகுத்தால் லிட்டருக்குச் சுமார் 9.6 வருகிறது. உங்கள் 8 அந்த வரிக்கு உட்பட்ட சில கார்களை ஓசையின்றி விடுதலை செய்துவிடும்.

இரண்டாவது, ‘வாகனங்களுக்கு’ என்று எழுதக் கூடாது. இந்த வரி பயணிகள் கார்களுக்கு மட்டும். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்க மறுத்த தடை அமெரிக்கர்களை பங்க்குகளில் வரிசையாக நிறுத்திய பிறகு, 1978இல் வந்த சட்டம் இது. அப்போது பிக்கப், எஸ்யூவி போன்றவை பெரும்பாலும் தொழிலுக்கு ஓடியதால் அவற்றை விட்டுவிட்டார்கள். பிறகு அவையே வீட்டுக்கு வீடு வந்து நின்றன, விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பேச்சு வழக்கில் கேஸ் கஸ்லர் என்றதும் பலருக்கு எஸ்யூவிதான் நினைவுக்கு வரும். சட்டத்தின் பார்வையில் அது கேஸ் கஸ்லரே இல்லை! வரியைச் செலுத்துவது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ. மைலேஜ் குறையக் குறைய 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரை ஏறும்.

சொல்லாடி எழுதியது:

வசை சட்டத்தைவிட மூத்தது. 1950களில் அமெரிக்கன் மோட்டார்ஸ் தலைவராக இருந்த ஜார்ஜ் ராம்னி, போட்டியாளர்களின் நீளக் கார்களைப் பெட்ரோல் விழுங்கும் டைனோசர்கள் என்று கிண்டலடித்துத்தான் தன் சின்ன ராம்ப்ளரை விற்றார். அதனால் ‘விழுங்கி’யை நான் விடமாட்டேன். டைனோசர் உறிஞ்சிக் குடிக்குமா என்ன?

பழைய ஸ்பேனர் எழுதியது:

குடிகாரனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், மாடு பால் கொடுப்பது போல வண்டி ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது’ என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தக் கணக்கில் இது தின்றும் கறக்காத மாடு.

வரிக்குவரி எழுதியது:

கேலன் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். திருத்துபவரைப் பார்த்துச் சிரித்ததற்குக் கிடைத்த கூலி. சட்டப் பெயர் வரும் மூன்று இடங்களில் ‘பெட்ரோல் விழுங்கி வரி’. மற்ற இடங்களில் ‘பெட்ரோல் குடிக்கும் கார்’. எஸ்யூவியைச் சேர்த்துத் திட்டும் இடங்களில் மட்டும் ‘வண்டி’. வாக்கியம் இப்போது இப்படி: “லிட்டருக்குச் சுமார் 9.6 கிலோமீட்டருக்குக் குறைவாகக் கொடுக்கும் புதிய பயணிகள் கார்களுக்கு அமெரிக்காவில் பெட்ரோல் விழுங்கி வரி உண்டு.”

கறக்காத மாட்டைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் கட்டிவைத்திருக்கிறேன், ஸ்பேனர் ஐயா. திருத்துபவர் அவிழ்த்துவிடாமல் இருந்தால் சரி.