கட்டிங் மெஷின் வாங்கவா, மெர்ச்சண்டைசர் வைக்கவா?

அவிநாசி ரோடு யூனிட்:
திருப்பூரில் 40 தையல் மெஷினோடு குழந்தைகள் உடை செய்கிறோம். இதுவரை மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். இப்போது ஒரு ஐரோப்பிய பையரிடம் நேரடியாகச் சின்ன ஆர்டர் கிடைக்கும் போலிருக்கிறது. லோன் போட்டு ஆட்டோமேட்டிக் கட்டிங் மெஷின் வாங்கினால் பங்களாதேஷ் விலைக்கு இறங்கலாம் என்கிறான் தம்பி. சரியா?

மெர்ச்சண்டைசர் அக்கா:
வேண்டாங்க அண்ணா. பங்களாதேஷ் உடை இத்தனை வருடமாக ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகிறது. கட்டிங்கில் மிச்சம் பிடித்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

ஆர்டர் கெடுவது பெரும்பாலும் தையலில் இல்லை. லேப் டிப்பில், அதாவது ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் மாதிரித் துணியில், ஷேடு சரியில்லை என்று பையர் திரும்பத் திரும்ப அனுப்புவார். டையிங் தள்ளிப்போகும், ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போகாது. நான் முன்பு இருந்த கம்பெனியில் தைத்து முடித்த பிறகுதான் டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. சிவப்புச் சாயம் வெள்ளைக் காலரில் இறங்கியிருந்தது. துணியை முதலிலேயே லேபுக்கு அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் மறுபடி தைத்து, எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். லாபம் மொத்தமும் அந்த ஏர் பில்லோடு போனது. பையரின் மெயிலுக்கு அன்றைக்கே பதில் போட்டு, சாம்பிளையும் லேபையும் துரத்திப் பிடிக்கிற ஒரு மெர்ச்சண்டைசரை வையுங்கள். மெஷின் அப்புறம்.

தூத்துக்குடி ஃபார்வர்டிங்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கேதான் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஃபீடரை விட்டால் அதற்குரிய பெரிய கப்பலும் போய்விடும். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின, ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கூடியது. நல்ல ஃபார்வர்டர், அதாவது சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஏஜென்ட், இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கப்பல் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் ஆளைப் பிடிக்காதீர்கள். புது பையர் என்பதால் இசிஜிசி என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் காப்பீடும் எடுங்கள், பணம் வராமல் போனால் அதுதான் கைகொடுக்கும்.

அவிநாசி ரோடு யூனிட்:
ரொம்ப நன்றிங்க. டையிங்கை ரேட் குறைவான இடத்தில் கொடுக்கலாமா?

மெர்ச்சண்டைசர் அக்கா:
பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த டையிங்கில் மட்டும் கொடுங்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே தடுமாறியது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிற செலவு கிலோ ரேட்டில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் இன்று பையரிடம் நாம் தலைநிமிர்ந்து காட்டக்கூடிய விஷயமே அதுதான். நிலையத்தின் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், விலை பேசும்போது கூடவே அனுப்பலாம்.