ஒரே காலில் எத்தனை முறை?

தெற்கு ஜெர்மனியில் விளையாட்டு பிசியோவாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (இசைக்கேற்ப ரிப்பன், வளையம் போன்றவற்றைச் சுழற்றி ஆடுவது) பெண்கள் நிறைய. பாரிஸ் 2024-இல் டார்யா வர்ஃபோலோமீவ் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் ஜெர்மனிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அதன்பிறகு பெற்றோர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்யணும்?" உச்சத்தில் இருப்பவர்கள் 30 மணி நேரத்துக்கு மேலும் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் மணிக்கணக்கை மட்டும் வைத்து உடம்பு தாங்குமா என்று சொல்லவே முடியாது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 16 வயது, சீனியர் பிரிவுக்கு அப்போதுதான் வந்திருந்தாள். இடது பாதத்தில் வலி. எம்.ஆர்.ஐ.யில் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், அதாவது எலும்பு விரிசல் விடுவதற்கு முந்தைய கட்டம். பயிற்சி நேரத்தைக் கூட்டவே இல்லை என்றார் கோச். அது பொய்யும் இல்லை. வீடியோக்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போட்டி நெருங்கியதும், அதுவரை துண்டு துண்டாகச் செய்துவந்த ஆட்டத்தை இசையோடு முழுசாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டம் ஒன்றரை நிமிடம்தான். ஆனால் வளையம், பந்து, கிளப் (கையில் சுழற்றும் கட்டை), ரிப்பன் என்று நாலு ஆட்டம், நாலிலும் அவள் சுழல்வது இடது நுனிக்காலில். நேரம் அதேதான், அந்தப் பாதம் வாங்கிய சுமை வேறு.

சரி, ஓய்வு கொடுப்போம் என்று பாலே வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பாதி நேரம் நுனிக்காலில்தான் நிற்க வேண்டும்! அப்புறம் கோச்சோடு உட்கார்ந்து பேசி வேறு ஏற்பாடு செய்தோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிளப் சுழற்றுவது, ரிப்பனில் சுருள் போடுவது. 6 மீட்டர் ரிப்பன் தரையில் உரசாமல், முடிச்சு விழாமல் சுழல வேண்டும் என்றால் முழு வேலையும் மணிக்கட்டுக்குத்தான். கால் ஆறுவதற்குள் அவளுடைய ரிப்பன் முன்பைவிட அழகாகிவிட்டது.

இந்த ஒருபக்கச் சுமை முதுகையும் விடுவதில்லை. பல்கேரியாவில் 100 வீராங்கனைகளைப் பரிசோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது (ஸ்கோலியோசிஸ்) மற்ற பெண்களைவிடப் பத்து மடங்கு அதிகம் பேருக்கு இருந்தது.

சுமையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லி, நிமிடங்களால் பெருக்க வேண்டும். 240 நிமிடம், மதிப்பெண் 7 என்றால் 1680. வாரா வாரம் இது எப்படி ஏறுகிறது என்று பார்த்தாலே போதும். ஆனால் கோச் பக்கத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாது. ஹாலில் 4 என்று சொன்ன பெண், என் அறைக் கதவைச் சாத்தியதும் 9 என்றாள். குழுப் பிரிவில் இது இன்னும் மோசம். ஐந்து பேர் சேர்ந்து ஆடுவது. ஒருத்தி விலகினால் மற்ற நாலு பேருக்கும் சிக்கல் என்று வலியை மறைக்கிறார்கள்.

என்னை உண்மையிலேயே கலங்க வைப்பது சாப்பாடு. ஐஸ் தொட்டி, மசாஜ் எல்லாம் இருக்கும். காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவே பையில் ஓர் ஆப்பிள் மட்டும் இருக்கும். "மாசக்கணக்கா பீரியட்ஸ் வரல, நிம்மதியா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பயிற்சியில் செலவானதுபோக உடம்புக்கு மிஞ்சுவது, கொழுப்பைக் கழித்த எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே நாள்கணக்காகப் போனால் ஹார்மோன்கள் அடங்கிவிடும், எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதை ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரிட்டு எச்சரித்தது. இருந்தும் 2022-இல் இத்தாலியின் முன்னாள் வீராங்கனைகள் வெளியே வந்து, எடையை வைத்துத் தங்களை அவமானப்படுத்தியதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் பீரியட்ஸ் நின்றுதான் இருந்தது. டயட்டீஷியன் சொன்னபடி இரண்டு பயிற்சிக்கும் நடுவே முழுச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தாள்; பீரியட்ஸ் திரும்பியது. முழு ஆட்டம் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான், எண்ணிக்கையைக் கோச்சே எழுதிவைக்கிறார். ஹாலில் இருந்த எடைமெஷினை எடுக்க மட்டும் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.