மாணவர்கள் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது யோசித்து எடுக்கும் முடிவா?

இரவுவிளக்கு:
முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பிலேயே மூன்று ஜோடிகள் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். குறை சொல்ல வரவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கல்யாணத்தில் நம்பிக்கை இல்லை என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, அப்புறம் ஏன்?

பழையமாணவி:
கொள்கையெல்லாம் பிறகு வருவது, முதலில் வருவது வாடகை. பரீட்சை நேரத்தில் சேர்ந்து படிக்க என் காதலன் அறைக்குப் போவேன், நேரமாகிவிட்டால் அங்கேயே தங்கிவிடுவேன், முதலில் ஒரு பிரஷ் அங்கே போனது, அப்புறம் சார்ஜர், அப்புறம் பாதித் துணி. என் அறை பூட்டியே கிடந்தது, வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. சரி என்று காலி செய்தேன். சேர்ந்து வாழலாமா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவே இல்லை! ஸ்டான்லி, ரோட்ஸ், மார்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான்: முடிவெடுத்துப் போவது வேறு, வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்வது வேறு. வழுக்கியவர்களுக்கு வெளியே வருவதுதான் கஷ்டம். மனது விட்டுப்போன பிறகும் வாடகை ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்ததால் நாங்கள் ஒரே ஃபிரிட்ஜில் தட்டு பிரித்து வைத்துக்கொண்டு இருந்தோம்.

கறார்பேர்வழி:
வாடகை மட்டுமில்லை. படிப்பு முடியவில்லை, வேலை எந்த ஊரில் என்று தெரியாது, அந்த நிலையில் யார் பதிவு அலுவலகத்துக்குப் போவார்கள்? இந்தத் தலைமுறைதான் கெட்டுப்போனது என்பவர்களுக்கு ஒன்று: 1968-இல் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரி மாணவி ஒருவர் காதலருடன் வெளியே குடியிருந்தது பெரிய விவகாரமாகி, கடைசியில் அவருக்குக் கிடைத்த தண்டனை கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்குள் வரக்கூடாது என்பதுதான்.

ஆனால் சட்டம் தெரியாமல் இருக்காதீர்கள். ஸ்வீடனில் 2003-இல் வந்த சட்டப்படி, சேர்ந்து வாழவென்று வாங்கிய வீடும் சாமானும் பிரியும்போது பங்கு பிரியும், உயில் இல்லாமல் வாரிசுரிமை மட்டும் வராது. இங்கிலாந்தில் எத்தனை வருடம் ஒன்றாக இருந்தாலும் தம்பதி என்ற உரிமை தானாக வராது. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் சண்டை வந்தால் பெட்டியோடு வெளியே நிற்க நேரலாம்.

இரவுவிளக்கு:
இரண்டு பெயரும் இருந்தால், ஒருவர் கிளம்பியதும் முழு வாடகையும் மற்றவர் தலையில் விழாதா?

பழையமாணவி:
பல ஒப்பந்தங்களில் விழும். கையெழுத்துப் போடும் முன்பே அந்த வரியைப் படியுங்கள், நான் படிக்கவில்லை.