செல்ஃப் எடுக்காத கதைகள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

மார்க் 4 தம்பி:
அப்பாவின் 1982 அம்பாசடர். இது நடந்து ஏழு வருடமாகிறது, இன்னும் உறுத்துகிறது. மறுநாள் காலை தங்கைக்கு நிச்சயதார்த்தம். ராத்திரி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மச்சான் "சோக்கை (குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க இழுக்கும் தண்டு) இழுத்து அடிங்க" என்றார். இழுத்தேன், விடாமல் அடித்தேன். நாலாவது தடவை சோக் தண்டு விரலைச் சுட்டது. குனிந்து பார்த்தால் டேஷ்போர்டுக்கு அடியில் கேபிளின் மேலுறை கொப்புளம் கொப்புளமாக உருகுகிறது, நூல் மாதிரி புகை.

எதிர்வீட்டு லாரி டிரைவர் அண்ணன் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஜம்பர் ஒயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையை இஞ்சின் பிளாக்கில் கவ்வவிட்டு, "இப்ப அடி தம்பி" என்றார். ஒரே அடி, எடுத்துவிட்டது. இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட்டில். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக, பாடியோடு அதைச் சேர்க்கும் எர்த் பட்டை அற்றுத் தொங்கியிருக்கிறது. வேறு வழியில்லாமல் கரண்ட் சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேபிள் போய் முடிவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்ப்பரேட்டரில். நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது.

ஏற்காடு பத்மினி:
எனக்கு எர்த் இல்லை, கண்டென்சர் (பாயிண்ட்டில் பொறி சிதறாமல் தாங்கும் சின்ன உருளை). சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது பாதி வளைவில் வண்டி நின்றுபோகும், அரை மணி கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி எடுக்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று எல்லோரும் இஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி போடச் சொன்னார்கள். இரண்டு வருடம் டிக்கியில் ஈரத்துணியோடுதான் சுற்றினேன். ஒருநாள் இருட்டிய பிறகு நின்றது. பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். உள்ளே கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிபி பாயிண்ட்டில் நீலமாகப் பொறி சிதறுகிறது, பிளக்கிலோ மஞ்சளாக ஒரு செத்த பொறி. அங்கே அத்தனை வெளிச்சம், இங்கே ஒன்றுமில்லை. கண்டென்சரை மாற்றினேன், முடிந்தது. ஈரத்துணி சும்மா சாமிக்கு வேண்டிக்கொள்வது மாதிரி.

பழைய ஃபியட்:
சாமியை ஏன் இழுக்கிறீர்கள்? மே மாத வெயிலில் பெட்ரோல் லைனில் ஆவி அடைப்பது உண்மை, என் வண்டியிலேயே பம்ப் வெறும் காற்றைத் தள்ளியதைக் குழாயைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கண்டென்சர் என்றால் எல்லோருக்கும் கண்டென்சரா?

ஏற்காடு பத்மினி:
நான் எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. ஆற விட்டால் ஆவியும் அடங்கும், சூட்டில் மக்கர் பண்ணும் கண்டென்சரும் சரியாகும். எடுத்தது துணியாலா, அரை மணி சும்மா நின்றதாலா என்று எப்படித் தெரியும்? அதைத்தான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற ஒயர்மேன்:
இஞ்சினைக் கையால் கிளப்ப முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றியபோது அது உதைத்து மணிக்கட்டு நகர்ந்தது, என் கதை அவ்வளவுதான். ஆனால் தம்பிகளா, வோல்ட் மீட்டர் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள். சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். விழாமலே ‘டக்’ என்றால் கரண்ட் எங்கோ தடைபடுகிறது. மீட்டர் ஒயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஒருவரை அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. கம்பத்தில் வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல. பச்சை பூத்த கிளாம்ப்பே பாதி வோல்ட்டைத் தின்றுவிடும். பிளஸ் பக்கமும் இதே மாதிரி பாருங்கள். அம்பாசடர் பெட்ரோல் என்றால் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், சிகரெட் அட்டையை வைத்து அளக்கிற வேலை வேண்டாம். மோரிஸ் மைனர் மாதிரி பழசு என்றால் பிளஸ்தான் எர்த்தாக இருக்கும், ஜம்பர் மாட்டும் முன் பாருங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள்.

பழைய ஃபியட்:
கதை ஒரு வரி, பாடம் இருபது வரி!

மார்க் 4 தம்பி:
ஐயா, மீட்டர் வாங்கிவிட்டேன், நேற்று அளந்தேன், 0.2 தான். அப்படியும் செல்ஃப் அடிக்கும் முன் விரல் தானாகச் சோக்கைத் தொட்டுப் பார்க்கிறது. அது போகட்டும், இப்போது ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. யாருக்காவது வந்திருக்கிறதா?