மணியை வீட்டிலேயே வழியனுப்ப உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் நாய் மணிக்கு 14 வயது, வெள்ளை ராஜபாளையம். சிறுநீரகம் போய்விட்டது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 1.5-க்குள் இருக்க வேண்டியது, இப்போது 9. டிரிப்ஸ் ஏற்றியும் இறங்கவில்லை. பின்கால் எழவில்லை. அம்மா தயிர்சாதத்தைக் குழைத்து விரலில் நீட்டினால், அவர் மனம் நோகக்கூடாதே என்பதுபோல் ஒரே ஒரு தடவை நக்குகிறான். அப்பாவின் டிவிஎஸ் சத்தம் கேட்டால் மட்டும் வால் தரையில் தட்டுகிறது.

முதலில் மயக்க ஊசி, தூங்கியதும் அளவு கூட்டிய மயக்க மருந்து, சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும், வலி தெரியாது என்றார் டாக்டர். சரி என்றுவிட்டோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே நடுங்குகிறவன் அவன். கடைசி நாளும் அங்கேயா?

தாம்பரம் பக்கம் வீட்டுக்கே வந்து ஊசி போடும் கால்நடை மருத்துவர் யாரையாவது தெரியுமா?

அப்புறம், செங்கல்பட்டு அருகே எங்கள் நிலத்தில் வேப்பமரத்தடியில் புதைக்கலாம் என்கிறார் அப்பா. கிணறு கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? அந்த மருந்து உடலிலேயே தங்கும் என்பதால், வேறு நாய்கள் கிளறித் தின்று அவற்றுக்கும் ஆபத்தாகிவிடுமோ என்று பயம்.

அம்மா அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கட்டுமா, வேண்டாமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்று வியாழனுக்குள் டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும்.