பதில்: ஸ்கீ ஓடும் பாதைக்குத் தமிழில் என்ன? ‘பனிச்சால்’ சரிவருமா?

> குளிர்கால விடுமுறை பற்றிப் பிள்ளைகள் தமிழில் எழுதினார்கள். பாதிப் பேருக்கு மேல் காட்டுக்குள் ஸ்கீ ஓடியதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு ஒரு பிள்ளை ‘றோட்டு’ என்கிறாள், ஒருவன் ‘பனித் தண்டவாளம்’ என்கிறான். திருத்தப் போனால் எனக்கே சொல் இல்லை.

வணக்கம்.

நோர்வேயின் ஒஸ்லோவில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் அக்கா எங்கள் கலைச்சொல் இழையில் கேட்டது சின்னக் கேள்வி. அதற்குள் மடல்கள் குவிந்துவிட்டன. கொழும்பு வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு பனியைப் பற்றிக் கதைக்க எனக்கென்ன தகுதி என்று பேசாமல் இருந்தேன். ஆனால் மகள் அங்கே இருப்பதால் இரண்டு மாசி மாதங்கள் அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒருமுறை ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒஸ்லோ மெட்ரோவின் முதலாம் இலக்க வண்டி நகரத்தின் நடுவிலிருந்து மலை ஏறிப் ஃப்ரொக்னர்சேத்தெரனில் போய் முடிகிறது. வண்டிக்குள் ஸ்கீயை, பனியில் ஓடக் காலில் மாட்டும் அந்த நீளப் பலகையை, தோளில் சாய்த்தபடி நிற்கிறார்கள், இங்கே நாங்கள் மரக்கறிப் பையோடு பஸ்ஸில் நிற்பதுபோல. இறங்கினால் காடு. அகலமாக, இஸ்திரி போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பாதை. அதன் ஓரத்தில் பள்ளமாக இரண்டு கோடுகள் நேராகப் போயின. நடக்க வசதியாக இருக்கிறதே என்று சப்பாத்தோடு ஒரு கோட்டுக்குள் இறங்கி நடந்தேன். எதிரே வந்த வயதான அம்மா ஒருவர் நின்று, எனக்கு விளங்காத மொழியில் நிறையச் சொன்னார். மகள் ஓடிவந்து, “அப்பா, அதுக்குள்ள நடவாதேங்கோ, கோடு இடிஞ்சுபோகும்” என்றாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அந்தப் பள்ளங்கள் ஆட்கள் போய்ப் போய் விழுந்தவை அல்ல. இரவில் ஓர் இயந்திரம் வந்து பனியை அழுத்திச் சமப்படுத்தி, இரண்டு ஸ்கீயும் இறங்கி ஓட இணையாக இரண்டு பள்ளங்களை வெட்டிவிட்டுப் போகிறது. ஒஸ்லோவைச் சுற்றி இப்படிப் பராமரிக்கிற பாதைகள் 2,000 கிலோமீட்டருக்கும் மேலே.

என் அப்பு கமம் செய்தவர். கொழு போன வழியில் மண் பிளந்து நீளமாகக் கிடக்கும் பள்ளத்துக்கு எங்கள் வயலில் ‘சால்’ என்று பேர். அதை மிதித்தால் அவரும் ஏசுவார். அந்த அம்மா ஏசியதும் எனக்கு அப்புவின் குரல்தான் கேட்டது. ஆகவே என் சொல்: பனிச்சால். இரண்டு பள்ளங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் இரட்டைச்சால். இயந்திரம் செய்வது சால் பிடித்தல். “நேற்றுப் பனி கொட்டியது, இன்னும் சால் பிடிக்கவில்லை” என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள், வாயில் தடக்குகிறதா?

> ‘பனிச்சறுக்குப் பாதை’ என்று ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

சென்னை நண்பருக்கு. ‘பனிச்சறுக்கு’ நல்ல சொல்தான், மலைச்சரிவில் மேலிருந்து கீழே பாய்கிறார்களே, அந்த விளையாட்டுக்கு. ஒஸ்லோப் பிள்ளைகள் எழுதியிருப்பது வேறு. சமதரையிலும் ஏற்றத்திலும் கூட ஸ்கீயில் போகிறார்கள். ஏற்றத்தில் எவராவது சறுக்கி மேலே போக முடியுமா?

எப்படிப் போகிறார்கள் என்பதை மகள் எனக்கு ஒரு ஸ்கீயைத் தரையில் வைத்துக் காட்டினாள். வில் மாதிரி நடுப்பகுதி மேலே வளைந்திருக்கிறது. இரண்டு காலிலும் பாரம் பகிர்ந்து நிற்கும்போது நடுப்பகுதி பனியில் அழுந்தாது. முன்முனையும் பின்முனையும் வழுகி ஓடும். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தால் நடு அழுந்திப் பனியைப் பிடிக்கும். பிடிக்கவென்றே அந்த இடத்தில் தனி மெழுகு பூசுகிறார்கள். பிடித்த காலை உந்தி மற்றக் காலை வழுக விடுவார்கள். ஆக மிதி, வழுகு, மிதி, வழுகு. இது நடைதானே? நோர்வே மொழியிலும் ‘ஸ்கீயில் நடப்பது’ என்றுதான் சொல்கிறார்கள் என்று மகள் சொன்னாள். இந்த வகைக்குச் ‘சறுக்குநடை’ என்று வைக்கலாம். சரிவில் பாய்வதற்குப் பனிச்சறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. எங்கள் காதுக்குச் சறுக்குவது என்றால் ஒன்று பிள்ளைகளின் சறுக்கீஸ் (சறுக்குமரம்), மற்றது யானைக்கும் அடி சறுக்குவது. இரண்டாவதை ஒரு விளையாட்டின் பேராக வைத்தால் விழப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வதுபோல இருக்கிறது. (நான் விழுந்தேன், நாலு தரம். அது வேறு கதை.)

> ‘ஸ்கீ ஓடுதல்’ பிழை. ஓட்டுதல் என்றல்லவா வரவேண்டும்?

இதில் நான் பிள்ளைகள் பக்கம். ஈழத்தில் சைக்கிள் ஓடுவோம், கார் ஓடுவோம், ‘ஓட்டுவது’ மாட்டைத்தான். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை யாரும் சொல்லிக் கொடுக்காமலே ‘ஸ்கீ ஓடினேன்’ என்று எழுதுகிறது என்றால், வீட்டில் கேட்ட வினைச்சொல்லைப் புதுப்பொருளில் பொருத்திவிட்டது என்று அர்த்தம். கலைச்சொல் ஆக்க இருக்கிற நாங்கள் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிட்டது. அதைத் திருத்தாதீர்கள்.

அந்தப் பலகைக்குத் தமிழ் தேடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. ஸ்கீ என்றே எழுதலாம். ஒரு வேடிக்கை மட்டும் சொல்கிறேன்: பழைய வடமொழியில் (எங்கள் வடமொழி அல்ல, ஸ்கந்திநேவியரின் பழைய மொழி) அந்தச் சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். எங்களிடம் மூங்கிலைப் பிளந்தால் ‘பிளாச்சு’. பனிப்பிளாச்சு! மகளிடம் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

> காட்டுப்பாதைக்கு ‘ஒழுங்கை’ எவ்வளவு அழகான சொல்!

அழகுதான் அண்ணை, ஆனால் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் வேலி வேண்டும். கிடுகோ கதியாலோ இல்லாத ஒழுங்கையை நான் கண்டதில்லை. காட்டில் நடக்கும் வழிக்குத் ‘தடம்’ போதும். ஆளோ யானையோ போன அடையாளமும் தடம், அதனால் உண்டான வழியும் தடம். மலைநாட்டில் பழைய தேயிலைத் தோட்ட வழிகளைத் தொடுத்து 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக, 22 பகுதிகளாக, பெக்கோ ட்ரெயில் என்று ஒன்றைத் திறந்திருக்கிறார்கள் அல்லவா. அதைப் ‘பெக்கோத் தடம்’ என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.

தடத்துக்கும் சாலுக்கும் வேறுபாடு வேண்டும் என்பதற்கு ஒஸ்லோக் காடே சாட்சி. கோடையில் நடக்கும் வழிக்கு மரங்களில் நீலக் குறி, குளிர்காலத்தில் ஸ்கீ ஓடும் வழிக்குச் சிவப்புக் குறி. இரண்டும் பல இடங்களில் வெவ்வேறு திசையில் போகின்றன. கோடையில் சேறாகக் கிடக்கும் சதுப்புக்கு மேலாலும் உறைந்த ஏரிக்கு மேலாலும் சிவப்பு வழி போகும். இரண்டையும் ‘பாதை’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஆனி மாதத்தில் யாராவது தமிழர் சிவப்புக் குறியைப் பின்பற்றி ஏரிக்குள் இறங்கி நிற்பார். நீலம் தடம், சிவப்பு சால்.

அடுத்தது அந்தக் காட்டுக்கே பேர். ‘நகர்ப்புற இயற்கைப் பூங்கா’ என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். கொழும்பில் அது சரி. நான் சனிக்கிழமைகளில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போகிறவன். சீட்டு வாங்கி, பலகைப்பாதையில் நடந்து, நீலத் தாழைக்கோழி பார்த்துவிட்டு, மூடும் நேரத்துக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். (மழை பெய்தால் அந்தப் பலகை வழுக்கும். சறுக்கும் என்று அங்கே ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.) ஒஸ்லோவின் ‘மார்க்கா’வுக்கோ வாசலும் இல்லை, சீட்டும் இல்லை. நகரத்தைச் சுற்றிக் கிடக்கும் காடு அது. 2009-இல் தனிச் சட்டமே போட்டு, அதன் எல்லைக்குள் கட்டடங்கள் எழும்புவதைத் தடுத்திருக்கிறார்கள்.

நகரத்தைச் சூழ்ந்து காக்கும் காட்டுக்கு எங்களிடம் ஆகப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: மிளை. அரணைச் சுற்றி விடும் காவற்காடு. பெத்தகானவிலும் அந்தக் கதை உண்டு. பக்கத்தில் இருக்கும் கோட்டேயின் பேரிலேயே கோட்டை இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையைத் தடுக்க 14-ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசின் அமைச்சர் அழகக்கோனார் கட்டியது, சுற்றியிருந்த சதுப்பும் அதற்குக் காவல். அதே சதுப்பில் இன்று யாழ்ப்பாணத்தான் ஒருவன் சீட்டு வாங்கிக்கொண்டு உலாத்துகிறான். இப்போது அது மழைவெள்ளத்தை வாங்கி வைத்து நகரத்தைக் காக்கிறது. 2018-இல் ராம்சர் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரங்களாக முதன்முதலில் ஏற்கப்பட்ட 18-இல் கொழும்பும் ஒன்று.

‘நகர்மிளை’ என்று நான் சொன்னால் அகராதியைத் திறக்கச் சொல்வீர்கள், தெரியும். அதனால் வற்புறுத்தவில்லை. ‘நகர்க்காடு’ என்றாலும் சரி. ஆனால் பூங்கா வேண்டாம், மார்க்காவில் பூவும் இல்லை, மாசியில்.

> சால் என்றால் தண்ணீர்ச் சால் என்றல்லவா நினைப்பார்கள்?

நினைக்கலாம். ‘பனிச்சால்’ என்று முன்னொட்டோடு வந்தால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பெரிய சிக்கல் வேறு: ஒஸ்லோப் பிள்ளைகள் உழவையே கண்டிருக்க மாட்டார்கள், சால் என்றால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. இதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. ‘உலங்குவானூர்தி’ (ஹெலிகொப்டர்) என்ற சொல்லைக் கேட்ட நாளில் எங்களுக்கும் ‘உலங்கு’ என்ன என்று தெரியாது, மேலே சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்துச் சொன்னோம், பழகிவிட்டது. சால் என்ன என்பதைப் பிள்ளைகள் காலால் அறிவார்கள். பேரை மட்டும் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

அக்கா, வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அடுத்த மடலில் எழுதுங்கள், விட்டுவிடலாம். ‘பனித் தண்டவாளம்’ எழுதிய பிள்ளைக்கு மட்டும் புள்ளி குறைத்துவிடாதீர்கள். இந்த இழையில் வந்த சொற்களில், என்னுடையதையும் சேர்த்து, அதுதான் பார்த்தவுடன் விளங்குகிறது.